காலக்கெடு செல்லாது என்று சொன்னவன்

ஒரு மனிதருடைய வழக்கை நான் கெடுத்தேன். கெடுத்த பிறகு பழியை நீதிமன்றத்தின் மேல் போட்டேன். இரண்டில் பெரிய குற்றம் பின்னதுதான் என்று எனக்கு உறைக்க நெடுநாள் ஆனது. இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

நான் சட்டத்தரணி இல்லை. தலவாக்கலையைச் சுற்றியுள்ள தோட்டப் பாடசாலைகளில் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவன். பழைய தீர்ப்புகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் வேலையில் இருந்தபோதே பிடித்துக்கொண்டது. 'நியூ லோ ரிப்போர்ட்ஸ்' பழைய தொகுதிகள் சில கைக்கு வந்தன. அவற்றிலிருந்து விசித்திரமான வழக்காகப் பார்த்துப் பொறுக்கி, ஒரு சிறு பத்திரிகையில் பத்தி எழுதினேன். டவுனில் என்னைக் கண்டால், "போன மாசத்து கேஸ் நல்லாயிருந்திச்சு சேர்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அடிமையானேன். சட்டம் படித்த களைப்பு இல்லாமல் சட்டம் தெரிந்தவன் என்ற பெயர் கிடைத்துவிட்டது.

நான் அதிகம் சொன்னது பிரேஸ்கேர்டல் வழக்கை. மார்க் அந்தனி பிரேஸ்கேர்டல் ஆஸ்திரேலியாவிலிருந்து 1936இல் வந்த இளைஞர். மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் துரை வேலை பழக வந்தவர், தொழிலாளர் பக்கம் சாய்ந்து லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். வெள்ளைக்காரத் துரைமாரைத் தோட்டத் தொழிலாளர் முன்னிலையில் மேடையேறி ஒரு வெள்ளைக்காரரே திட்டினால் விடுவார்களா? 1937 ஏப்ரலில் ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். அவர் தலைமறைவானார். தேடப்பட்டுக்கொண்டிருந்தவர் மே 5ஆம் திகதி காலிமுகத்திடல் கூட்டத்தில் மேடையில் வந்து நின்றார். பிறகு பிடிபட்டார். எச்.வி. பெரேரா அவருக்காக வாதாடினார். பிரதம நீதியரசர் ஏப்ரஹாம்ஸ் தலைமையிலான உச்ச நீதிமன்றம் மே 18ஆம் திகதி அவரை விடுவித்தது.

இதைச் சொல்லும்போது தொழிலாளர் உரிமையை நீதிமன்றம் தூக்கிப் பிடித்ததாகவே சொல்வேன். கேட்பவர் முகம் மலரும். உண்மையில் நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி வேறு. 1896ஆம் ஆண்டு அரச கட்டளை ஒன்றை வைத்துக்கொண்டு, யுத்தம் போன்ற அவசர நிலை ஏதும் இல்லாத நாளில் ஆளுநர் ஒருவரை நாடு கடத்தலாமா என்பதே கேள்வி. கூடாது என்றார்கள். ஆள்பவரின் கையைக் கட்டிப்போட்ட பெரிய தீர்ப்புத்தான். ஆனால் லயத்துக்கும் கூலிக்கும் அது பதில் சொல்லவில்லை. அந்தப் பகுதியைச் சொன்னால் கதையின் சுவை குறையும் என்று விட்டுவிடுவேன். கதைக்கு உதவாததை வெட்டும் இந்தப் பழக்கம்தான் பிறகு ஒரு குடும்பத்தின் மேல் விழுந்தது.

அப்படி விழ வைத்த என் பத்தி வேறொரு வழக்கைப் பற்றியது. அதன் பெயர் ராம் பண்டா எதிர் ஆற்றுப் பள்ளத்தாக்கு அபிவிருத்திச் சபை. 1968ஆம் ஆண்டுத் தீர்ப்பு. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள் நேரடியாகப் போய் நியாயம் கேட்க கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1957ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தொழில் நியாய சபைகள் உண்டாக்கப்பட்டன. யாரும், ஒரு தொழிற்சங்கத்தின் துணைகூட இல்லாமல், அங்கே விண்ணப்பிக்கலாம். ஆனால் எத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் அன்று சொல்லவில்லை. 1958இல் வந்த ஒழுங்குவிதிகளில் 16ஆம் விதிதான் மூன்று மாதம் என்று கெடு வைத்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நாடாளுமன்றம் கொடுத்த உரிமையை ஓர் ஒழுங்குவிதி சுருக்க முடியாது, அந்தக் கெடு அதிகாரத்தை மீறியது, ஆகவே செல்லாது என்றது.

இதைவிட இனிக்கும் தீர்ப்பு ஒரு பத்தி எழுத்தாளனுக்குக் கிடைக்குமா? சாதாரணத் தொழிலாளி ஒருவர், எதிரில் அரசாங்கச் சபை, நடுவில் கந்தோரில் உட்கார்ந்து எழுதிய ஒரு விதி, விதி தோற்றது. 'நேரம் பிந்தினாலும் நியாயம் பிந்தாது' என்று தலைப்புப் போட்டு எழுதினேன்.

அந்தப் பத்தியைப் படித்துவிட்டுத்தான் அவர் வந்தார். மேல் டிவிசனைச் சேர்ந்தவர், தேயிலைப் பெக்டரியில் வேலை செய்தவர். தூள் எடுத்ததாகக் குற்றம் சாட்டி வேலையை நிறுத்திவிட்டார்கள். எடுக்கவில்லை என்றார், நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். தோட்டத் தலைவரோடு ஏற்கனவே மனத்தாங்கல் இருந்ததால் சங்கம் கையை விரித்துவிட்டது. சொந்தமாக வழக்குப் போட எண்ணினார். அந்த நேரம் பார்த்து மகளுக்கு ஒரு நல்ல இடம் பேசி வந்தது.

"கலியாணத்த முடிச்சிட்டுப் போட்டா சரி வருமா சேர்? கோர்ட்டு செலவையும் கலியாணச் செலவையும் ஒண்ணாத் தாங்க ஏலாது."

"அவசரமில்லை தம்பி. காலக்கெடுவே செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு" என்றேன். அதோடு நிற்கவில்லை. வழக்கின் பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாவற்றையும் ஒரு தாளில் அழகாக எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்து அடையாள அட்டை உறைக்குள் வைத்துக்கொண்டு போனார். கல்யாணம் நடந்தது. நானும் போய்ச் சாப்பிட்டேன்.

நான் பார்க்காமல் விட்டது ஓர் உட்பிரிவு. ராம் பண்டா தீர்ப்புக்குப் பிறகு நாடாளுமன்றம் காலக்கெடுவைச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவிட்டது. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவில், 7ஆம் உட்பிரிவு. இன்று அந்தக் கெடு, வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதம். ஒழுங்குவிதியில் இருந்தால்தான் செல்லாது. சட்டத்திலேயே இருந்தால் செல்லும். தீர்ப்பின் தர்க்கமே அதுதானே. அதைப் புரிந்துகொண்டு படித்த எவனும் அடுத்ததாகக் கேட்க வேண்டிய கேள்வி, 'அப்படியானால் நாடாளுமன்றம் பிறகு என்ன செய்தது?' என்பது. நான் கேட்கவில்லை. என் அலுமாரியில் இருந்த தொகுதியோடு சட்டம் நின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அவர் விண்ணப்பித்தபோது ஆறு மாதம் கடந்திருந்தது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதல் ஆட்சேபமாகவே அதை எடுத்தார். தூள் எடுத்தாரா, இல்லையா என்ற விசாரணைக்கே இடமில்லாமல் விண்ணப்பம் தள்ளுபடியானது. நியாயமும் சமத்துவமுமாகத் தோன்றும் கட்டளையைப் பிறப்பிக்கும் அதிகாரம் தொழில் நியாய சபைக்கு உண்டு. ஆனால் அந்த அதிகாரத்தை எட்டுவதற்கு முன் வாசலைத் தாண்ட வேண்டும். வாசல் மூடும் நேரத்தைத் தவறாகச் சொன்னவன் நான்.

அவர் நேரே என் வீட்டுக்குத்தான் வந்தார். தாள் கையில் இருந்தது. "பெரிய கோர்ட்டு சொன்னத இவங்க ஏத்துக்கல சேர்" என்றார். அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, அன்று இரவு சட்டத்தைத் தேடிப் பிடித்து உட்பிரிவைப் படித்தேன். அடுத்த நாளே போய்ச் சொல்லியிருக்கலாம். போனேன், சொன்னது வேறு. "மேல அப்பீல் போனா வெல்லலாம். ஆனா அதுக்குக் காசு வேணும் தம்பி" என்றேன். அவரிடம் காசில்லை என்பது தெரிந்தே சொன்னேன். அப்பீல் போகாதவரைக்கும் என் தாள் பிழை என்று யாரும் நிரூபிக்கப் போவதில்லை அல்லவா?

இதற்கு மேலும் ஒன்று உண்டு. அடுத்து எழுதிய பத்தியில், நேரம் பிந்திய சிறு காரணத்துக்காக ஏழைகளைத் திருப்பி அனுப்பும் சபைகளைச் சாடினேன். அவர் பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பத்திக்குத்தான் அதிகம் பாராட்டு வந்தது.

வேறு யாராவது இதைச் செய்திருந்தால் அறியாமை என்று மன்னிக்கலாம். நான் மன்னிப்புக் கேட்க முடியாததற்குக் காரணம், காலக்கெடு என்றால் மலையகத்துக்கு என்ன என்பதை வருடந்தோறும் வகுப்பில் படிப்பித்தவன் நான் என்பதே. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. தலவாக்கலைத் தொகுதியிலிருந்து சி.வி. வேலுப்பிள்ளை நாடாளுமன்றம் போனார். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. வாக்காளர் இடாப்பிலிருந்து தோட்டத்து மக்களின் பெயர்கள் மறைந்தன. 1952இல் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை.

அதற்கிடையில் ஒரு வாசல் திறந்திருந்தது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ், இத்தனை வருடம் இங்கே வாழ்ந்தோம் என்று நிரூபித்தால் பதிவு கோரலாம். இரண்டு வருடக் கெடு. 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதி முடிவு. காங்கிரஸ் முதலில் பகிஷ்கரிக்கச் சொன்னது, பிறகு மனம் மாறி விண்ணப்பிக்கச் சொன்னது. கடைசியில் ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவை எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களுக்கானவை. வருடக்கணக்காக இழுபட்ட பரிசீலனையில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்குத்தான். மற்றவர்களைப் பத்திரம் இல்லை, ஆதாரம் போதாது என்று தள்ளினார்கள்.

அதே காலத்தில்தான் கோடாக்கன் பிள்ளை வழக்கு. கேகாலை மாவட்டத்தில் வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி அவர் கேட்டார். ஒரு சமூகத்துக்கு மட்டும் தடை விதிக்கும் சட்டம் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரண் என்பது வாதம். இடாப்பைத் திருத்தும் அதிகாரி அதை ஏற்றுக்கொண்டார். உச்ச நீதிமன்றம் அவருடைய முடிவை இரத்துச் செய்தது. 1953இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் கைவிரித்தது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது எந்த நாட்டின் சட்டசபைக்கும் உரிய இயல்பான வேலை என்றார்கள். தோட்டத் தமிழர் வந்து போகிறவர்கள் என்று சோல்பரி அறிக்கை சொன்னதையும் எடுத்துக்கொண்டார்கள். விண்ணப்பித்துப் பதிவு பெற 1949ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறதே என்றும் காட்டினார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு வந்தபோது அந்த வழி அடைபட்டு ஏறக்குறைய இரண்டு வருடம். அப்படி வெளியே விடப்பட்டவர்களின் கணக்கு 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் என்று அரை நூற்றாண்டுக்கு நீண்டது.

இந்த வழக்கைப் பற்றியும் பத்தி எழுதியிருக்கிறேன். 'லண்டன் துரைமார் கைவிட்டார்கள்' என்ற ஒரே சுருதியில் எழுதினேன். கைவிட்டது உண்மை. ஆனால் கெடு திகதியை அந்தப் பத்தியில் ஓரிடத்திலும் குறிக்கவில்லை. அதைச் சொன்னால் நம் பக்கத்துத் தயக்கத்தையும் சொல்ல வேண்டி வரும். பழி முழுவதும் அந்தப் பக்கம் சேராது. என் வீட்டு வாசலில் நின்ற ஒரு மனிதரிடமும் நான் அதையே செய்தேன். தோல்விக்கு நீதிமன்றம்தான் காரணம் என்றால் சொல்கிறவனும் சுகமாக இருக்கலாம், கேட்கிறவனும் ஆறுதல் அடையலாம்.

அவர் ஆறுதல் அடையவில்லை என்பது அண்மையில்தான் தெரிந்தது. போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உட்பிரிவைத் தமிழில் விளங்கப்படுத்தினேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது இதைத்தான்:

"அப்ப அப்பீல் போயிருந்தாலும் தோத்திருப்பேனா?"

"ஆமா தம்பி. தோத்திருப்பீங்க."

"அப்பீலுக்கு மச்சான்கிட்டதான் கடன் கேட்டேன் சேர். இல்லன்னுட்டான். அவன் காசு குடுக்காததாலதான் தோத்தேன்னு இன்னிக்கு வரைக்கும் அவனோட பேச்சில்ல. அவங்க வீட்டு நல்லது கெட்டதுக்கும் நாங்க போகல."

நான் காப்பாற்ற நினைத்தது என் பெயரை. அதற்கான விலையை அவருடைய மச்சான் கட்டிக்கொண்டிருந்தார். நானே போய் அவரிடம் சொல்கிறேன் என்றேன். "அத நான் பாத்துக்கிறேன்" என்றவர், "காலக்கெடு இல்லன்னு நீங்க பேப்பர்லதான் போட்டீங்க. என்னைய மாதிரி எத்தன பேரு படிச்சாங்களோ. இதையும் பேப்பர்லயே போடுங்க" என்றார்.

போடுகிறேன். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நாள், நிறுத்தப்பட்ட திகதியிலிருந்து ஓடத் தொடங்கும். சங்கம் பேசிப் பார்க்கிறது, துரை யோசிக்கிறார் என்று காத்திருந்தால் அது நிற்காது. ராம் பண்டா தீர்ப்பு இன்று உங்களைக் காப்பாற்றாது. 'நேரம் பிந்தினாலும் நியாயம் பிந்தாது' என்ற என் பத்தியை வெட்டி வைத்திருப்பவர்கள் கிழித்துப் போடுங்கள். அதைக் காட்டி யாருக்காவது யோசனை சொல்லியிருந்தால், இன்றைக்கே போய் அவர்களிடம் திகதியைக் கேளுங்கள்.