பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஆட்டம்

கார் பந்தய வீடியோ கேம் என்றால் ஆக்ஸிலரேட்டரை அழுத்திய விரலை எடுக்காமல் ஓட்டுவது என்றுதான் தொண்ணூறுகளில் நாங்கள் நினைத்திருந்தோம். சுவரில் மோதினால் வண்டி எகிறிக் குதித்து மறுபடியும் சாலைக்கே வந்துவிடும். எந்த வேகத்தில் திருப்பினாலும் திரும்பும். 1997 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷனுக்கு வெளியான ‘கிரான் டூரிஸ்மோ’ அந்த நினைப்பைத் தலைகீழாக்கியது. கஸுனோரி யமவுச்சியும் அவருடைய சிறு குழுவும் ஐந்து ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய ஆட்டம் அது. உலகம் முழுக்க 1 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1999 இறுதியில் இரண்டாம் பாகம் வந்தபோது அதில் ஏறத்தாழ 650 கார்கள் இருந்தன. எங்கள் தலைமுறைப் பையன்கள் பலருக்கு ஓட்டுநர் இருக்கையின் முதல் அனுபவம் அந்தத் திரையில்தான் கிடைத்தது.

கோயம்புத்தூருக்குப் பந்தயம் புதிதல்ல. மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கிய எஸ். கரிவரதன் எங்கள் ஊர்க்காரர். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தபோது ஊரே துக்கம் காத்தது. செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த பந்தயப் பாதைக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். 2005இல் ஜோர்டான் அணிக்காகக் களமிறங்கி, பார்முலா ஒன் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர் ஆன நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்தான். வீட்டுக்கு வீடு லேத் பட்டறையும் மோட்டார் பேச்சும் இருந்த ஊரில் வளர்ந்தவர்களுக்குப் பந்தய ஆசை இயல்பாகவே வரும். ஆனால் பந்தயம் ஓட்டப் பணம் வேண்டும். எங்களால் முடிந்தது, காந்திபுரத்துச் சந்து ஒன்றில் இருந்த கேம் கடையில் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஜாய்ஸ்டிக்கைப் பிடிப்பது மட்டும்தான். அந்தக் கடையும், அங்கே நாங்கள் கற்றுக்கொண்ட நிதானமும்தான் இன்றைக்கும் என் நினைவில் ஓயாமல் வந்துபோகின்றன.

கிரான் டூரிஸ்மோ எடுத்த எடுப்பில் பந்தயத்தில் இறக்கிவிடாது. முதலில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். முதல் பாகத்தில் பி, ஏ, இன்டர்நேஷனல் ஏ என்று மூன்று லைசென்ஸ். ஒவ்வொன்றுக்கும் 8 தேர்வுகள். இரண்டாம் பாகத்தில் ஆறு லைசென்ஸ், மொத்தம் 60 தேர்வுகள். முதல் தேர்வு என்ன தெரியுமா? நேர்ச்சாலையில் வண்டியைக் கிளப்பி, குறித்த கட்டத்துக்குள் நிறுத்துவது. கட்டத்தைத் தாண்டினால் தோல்வி. முன்கூட்டியே பிரேக் பிடித்தால் நேரம் போய்விடும், அதுவும் தோல்வி. வேகத்தை மட்டுமே கொண்டாடும் என்று நாங்கள் நம்பி வந்த ஆட்டம், நிறுத்தத் தெரிந்தவனுக்குத்தான் வாசலையே திறந்தது. வெண்கலம் வாங்கினாலே தேர்ச்சிதான். ஆனால் கடையில் வெண்கலத்தை யாரும் மதிப்பதில்லை. ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு தாமதத்தால் தங்கம் நழுவினால், அடுத்த ஒரு மணி நேரத்துக்கும் காசைக் கட்டிவிட்டு அதே வளைவுக்குத் திரும்புவோம்.

இந்த ஆட்டங்களை நிஜமாக்குவது கார்களின் பளபளப்பு அல்ல, டயர். டயருக்கும் தரைக்கும் நடுவே உள்ள பிடிமானம் ஓர் அளவுக்குத்தான் உண்டு. அதை பிரேக்கும் ஸ்டியரிங்கும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். பிரேக்கை முழுதாக அழுத்திக்கொண்டே திருப்பினால் முன் டயருக்குத் திரும்ப மிச்சம் எதுவும் இருக்காது. வண்டி நேராகவே போய் மண்ணில் இறங்கும். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது, முன் டயர் அழுந்துகிறது. பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபடி திருப்பினால் அந்த அழுத்தத்தை வைத்தே மூக்கை உள்ளே கொண்டுவந்துவிடலாம். வெளியோரத்தில் நுழைந்து, உள்ளோரத்தைத் தொட்டு, மறுபடி வெளியோரத்துக்கு விரிய வேண்டும். மெதுவாக நுழைந்தவன்தான் வேகமாக வெளியேறுவான். பள்ளியில் இயற்பியல் பாடத்தில் மனப்பாடம் செய்த நிலைமமும் உராய்வும் எங்களுக்கு உண்மையிலேயே விளங்கியது இந்த ஆட்டத்தில்தான்.

இரண்டாம் பாகத்தில் கலிபோர்னியாவின் லகூனா சேகா பந்தயப் பாதை இருந்தது. அதன் எட்டாம் வளைவுக்குக் ‘கார்க்ஸ்க்ரூ’ என்று பெயர். மேட்டில் ஏறிக்கொண்டே போகும் சாலை, முகட்டுக்கு வந்ததும் காணாமல் போய்விடும். எதிரே வானம் மட்டும் தெரியும். சாலை இடப்பக்கம் ஒடிந்து, உடனே வலப்பக்கம் மடிந்து, சுமார் 137 மீட்டர் தூரத்துக்குள் 18 மீட்டர் பள்ளத்தில் விழுகிறது. முகட்டைப் பார்த்த பிறகு பிரேக்கைத் தேடினால் பிரயோஜனமில்லை. அது கண்ணில் படும் முன்பே, ஏற்றத்திலேயே பிடித்து முடித்திருக்க வேண்டும். பிறகு சாலை தெரியாத இடத்தில், அது இருக்கும் என்று நம்பித் திருப்ப வேண்டும். திருப்பியதும் வயிற்றுக்குள் ஒரு வெறுமை பரவும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அந்த ஒரு கணத்துக்கு மறந்துபோகும். சரியாக எடுத்த கார்க்ஸ்க்ரூ தந்த நிறைவை அதற்குப் பிறகு எந்த விளையாட்டிலும் நான் உணரவில்லை.

கடைக்கார அண்ணன் முன்பு ஒரு மில்லில் வண்டி ஓட்டியவர். நாங்கள் ஓட்டுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

“பிரேக்கை நேர்ல புடி கண்ணு. திருப்பையில புடிக்காத.”

“வேகம் கொறையுதுங்ண்ணா.”

“கொறையட்டும். வெளிய வர்றப்ப எடுத்துக்கலாம்.”

நடக்கும் வயது முதல் ஊட்டி மலைப்பாதையில் அப்பாவோடும் மாமாவோடும் போய்வந்தவர்கள் நாங்கள். கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே கியரைக் குறைக்கும் டிரைவர்களைப் பார்த்திருக்கிறோம். ஏன் குறைக்கிறார்கள் என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. அண்ணன் சொன்னதும் திரையில் கண்டதும் ஒன்றாகச் சேர்ந்தபோது புரிந்துவிட்டது.

ஆட்டத்தின் தொடக்கத்தில் கையில் 10,000 கிரெடிட்தான் இருக்கும். அதில் பழைய கார் சந்தையில் ஒரு சின்ன வண்டிதான் கிடைக்கும். சண்டே கப் என்ற பந்தயத்தில் ஜெயித்து வந்த பணத்தில் சைலன்ஸர் மாற்றி, அடுத்து டயர் மாற்றி, அதற்கடுத்து டர்போ போட்டு, ஒரே வண்டியை மாதக்கணக்கில் வளர்ப்போம். அதன் குணம் கைக்குப் பழகிவிடும். எந்த வளைவில் வாலைச் சுழற்றும், எந்த கியரில் முக்கும் என்பதெல்லாம் மனப்பாடம். அந்த வண்டி குடியிருந்தது 128 கிலோபைட் மெமரி கார்டில். சட்டைப் பையில் கார்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போவோம். எதிராளியும் அவன் கார்டோடு வருவான். திரை மேல்பாதி, கீழ்பாதி என்று பிரியும். அவன் வளர்த்த வண்டிக்கும் நான் வளர்த்த வண்டிக்கும் பந்தயம். தோற்றவனின் முகத்தைப் பார்க்க நாற்காலியை லேசாகத் திருப்பினால் போதும். ஜெயித்தவன் தோற்றவனுக்கு எந்த இடத்தில் விட்டுவிட்டாய் என்று சொல்லிக்கொடுப்பான். அதுதான் கடையின் வழக்கம்.

முதல் பாகத்தில் கிராண்ட் வேலி 300 என்று ஒரு நீண்ட பந்தயம் உண்டு: 60 சுற்று, இரண்டு மணி நேரம். நடுவில் சேவ் செய்ய முடியாது. டயர் தேயும், அதை மாற்ற எப்போது பிட்டுக்குள் போவது என்று கணக்குப் போட வேண்டும். கரண்ட் போனால் எல்லாம் போச்சு. அதனால் விடுமுறை நாளில், ஒருவன் கை ஓய்ந்தால் அடுத்தவன் வாங்கி ஓட்டுவதாகப் பேசிவைத்துக்கொண்டு உட்காருவோம். ஐம்பதாவது சுற்றுக்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். முடிந்ததும் கைதட்டல் கடைக்கு வெளியே கேட்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒருவன்கூட எழுந்து போனதில்லை.

இப்படிக் கற்றது பொம்மை வித்தை அல்ல என்பதைப் பின்னால் உலகமே பார்த்தது. இந்த ஆட்டத்தில் வேகமாக ஓட்டுகிறவர்களைத் தேர்ந்தெடுத்து நிஜப் பந்தய ஓட்டுநர்கள் ஆக்கும் ‘ஜிடி அகாடமி’ 2008இல் தொடங்கியது. முதலில் வென்ற ஸ்பெயின்காரர் லூகாஸ் ஆர்டோனெஸ், 2011இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்த அணியில் ஓட்டினார். 2011இல் வென்ற பிரிட்டன் இளைஞர் யான் மார்டன்பரோவின் கதை 2023இல் திரைப்படமாகவே வந்தது. ஜாய்ஸ்டிக்கில் பழகிய கை, நிஜ ஸ்டியரிங்கிலும் நின்றது.

இன்றைய ஆட்டங்கள் இன்னும் துல்லியமானவை. இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘அசெட்டோ கோர்சா’வில் பந்தயப் பாதைகளை லேசர் கொண்டு அளந்து, தார்ச்சாலையின் மேடுபள்ளங்களைக்கூடக் கொண்டுவந்திருக்கிறார்கள். 2008இல் தொடங்கிய ‘ஐ ரேசிங்’கில் நிஜப் பந்தய ஓட்டுநர்களே பயிற்சி எடுக்கிறார்கள். ஸ்டியரிங் வீல் கையோடு மல்லுக்கு நிற்கிறது. நானும் ஓட்டுகிறேன், ரசித்தே ஓட்டுகிறேன். ஆனால் என்னோடு ஓட்டுகிறவர் எங்கோ ஒரு நாட்டில் இருக்கிறார். பந்தயம் முடிந்த நொடியில் பெயர் மறைந்துவிடுகிறது. எங்கே விட்டுவிட்டாய் என்று சொல்லித்தர யாரும் காத்திருப்பதில்லை. காந்திபுரத்துக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உதிரிபாகம் விற்கிறார்கள். அண்ணன் காலமாகிவிட்டார். பையன்கள் ஓசூர், பெங்களூர், துபாய் என்று பிரிந்துவிட்டோம். அந்த மதியங்கள் திரும்பி வராது; அதை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

ஏற்க முடியாதது வேறு ஒன்று. அன்றைய வட்டை இன்றைக்கும் பழைய பிளேஸ்டேஷனில் போட்டால் ஓடுகிறது. என் வண்டி கார்டில் அப்படியே இருக்கிறது. ஆனால் 2022இல் வந்த ‘கிரான் டூரிஸ்மோ 7’இன் பெரும்பகுதிக்கு இணைய இணைப்பு கட்டாயம். அந்த மார்ச்சில் பராமரிப்புக்காக சர்வர் 30 மணி நேரத்துக்கு மேல் நின்றபோது, காசு கொடுத்து வாங்கியவர்களால் தங்கள் கார்களைத் தொடவே முடியவில்லை. 2014இல் வந்த ‘தி க்ரூ’ என்ற கார் ஆட்டத்தின் சர்வர்களை 2024 மார்ச் 31இல் நிறுத்தினார்கள். அதோடு அந்த ஆட்டமே போனது. வட்டு வைத்திருந்தவர்களாலும் ஓட்ட முடியவில்லை. இதை எதிர்த்து எழுந்த ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

வேறு வழியில்லை என்று சொல்ல முடியாது. ‘கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்’டின் ஆன்லைன் சேவை 2024 ஜனவரியில் முடிந்தபோது, இணையம் இல்லாமலே ஆடவும் சேவ் செய்யவும் வழி செய்துவிட்டுத்தான் மூடினார்கள். 1967இன் பார்முலா ஒன் பந்தயங்களை வைத்து பாபிரஸ் நிறுவனம் 1998இல் வெளியிட்ட ‘கிராண்ட் ப்ரீ லெஜண்ட்ஸ்’ இன்னும் பழமையானது, இன்னும் கடினமானது. ஆனால் அது வாங்கியவர்களின் கணினியிலேயே ஓடுகிறது. ரசிகர்கள் புதிய பாதைகளையும் வேறு ஆண்டுகளின் கார்களையும் சேர்த்து இன்றுவரை அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

இந்த ஆட்டங்களின் அழகே, ஒரு வளைவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கையில் ஏற்றிக்கொள்வதில்தான் இருக்கிறது. அப்படிப் பல ஆண்டுகள் உழைத்துப் பழகிய ஒன்றை, யாரோ ஒரு நாள் சுவிட்சை அணைத்து இல்லாமல் ஆக்குவது அநியாயம். ஆட்டம் செய்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: சர்வரை மூடுங்கள், ஆட்டத்தை மூடாதீர்கள். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பரணில் பழைய பிளேஸ்டேஷன் கிடந்தால் கீழே இறக்குங்கள். வீட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து பி லைசென்ஸின் முதல் தேர்விலிருந்து தொடங்குங்கள். ஆக்ஸிலரேட்டரை யாரும் கற்றுத்தர வேண்டாம், பிள்ளைகள் தானாகவே அழுத்துவார்கள். பிரேக்கைத்தான் பக்கத்தில் இருந்து ஒருவர் சொல்லித்தர வேண்டும்.