குளிர் கொடுக்கும், குளிரே எடுக்கும்

நாட்காட்டியில் மார்ச் கடைசி. லடாக்கின் சோ மோரிரி ஏரி இன்னும் உறைந்து கிடக்கிறது. சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், கோர்சோக் கிராமத்தைச் சுற்றி வாழும் சாங்பா ஆயர்களுக்கு இது ஆடுகள் குட்டி போடும் காலம்.

கல்லை அடுக்கிக் கட்டிய பட்டியில், நள்ளிரவு தாண்டி, டார்ச் வெளிச்சத்தில் ஒரு குட்டி பிறந்தது. வீட்டுக்கார மூதாட்டி சாக்குத் துணியால் அதை அழுந்தத் துடைத்தார். மேலே ஈரம் உறைந்தால் குட்டி பிழைக்காது. அவரை எல்லோரும் 'அமாலே' என்கிறார்கள். லடாக்கியிலும் 'அமா' என்றால் அம்மாதான்.

தாய்க்கு இது தலையீற்று. குட்டியை முட்டித் தள்ளியது. அமாலே கொம்பைப் பிடித்துக்கொள்ள, பேத்தி குட்டியின் வாயை மடியில் வைத்தாள். சீம்பால் இறங்கிய பிறகே இருவரும் நிமிர்ந்தார்கள்.

இந்த ஆட்டின் முரட்டு ரோமத்துக்கு அடியில் வளரும் மென்மயிர்தான் பஷ்மினா. அதை வளர்ப்பது கடுங்குளிர். குட்டிகளைக் கொல்வதும் அதே குளிர். 2013 தொடக்கத்தில் பனி மேய்ச்சல் நிலத்தை மூடியபோது, சாங்தாங் பீடபூமியில் ஆயிரக்கணக்கில் ஆடுகள் மடிந்தன. "சிறிது நாளில் எண்ணுவதையே விட்டுவிட்டோம்" என்றார் அமாலே.

மகன் லே நகரில் டாக்சி ஓட்டுகிறார். "உங்களுக்குப் பிறகு இந்தப் பட்டியை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டேன். அமாலே பதில் சொல்லாமல் அடுப்பில் வறட்டியைத் தள்ளினார். அடுப்பருகே, குட்டியை அங்கிக்குள் அணைத்தபடி பேத்தி தூங்கிப் போயிருந்தாள்.