வலைப்பூ எழுதலாம்... அத்தையைக் கேட்டுவிட்டு!

"ஏண்டி, எங்க வீட்டுக் கடனை ஊருக்கே படிச்சுக் காட்டிட்டியாமே?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தாராசுரத்திலிருந்து அத்தை போனில் கேட்ட கேள்வி இது. அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? என் வலைப்பூவின் பார்வை எண்ணிக்கை ஏறுவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தோழிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அதுவரை நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்த பதிவு அதுதான். இன்றைக்கு அந்தப் பதிவு என் வலைப்பூவில் இல்லை.

"சொந்தமா ஒரு பிளாக் ஆரம்பிக்கணும், எப்படி வளர்க்கிறது?" என்று இதழியல் டிப்ளோமா படிக்கும் தங்கைகள் அடிக்கடி கேட்கிறார்கள். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதால் எனக்கு ஏதோ ரகசியம் தெரியும் என்று நினைக்கிறார்கள். ரகசியம் எதுவும் இல்லை. தப்புகள்தான் இருக்கின்றன. அவற்றையே வரிசையாகச் சொல்கிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை எழுதினேன்

டிப்ளோமா படித்தபோது, "ஆளுக்கொரு வலைப்பூ தொடங்குங்கள்" என்றார் ஆசிரியர். காசு செலவில்லாமல் கூகுளின் பிளாக்கரில் தொடங்கினேன். சொந்த ஊர் தாராசுரம் ஆயிற்றே, விஷயத்துக்கா பஞ்சம்? 'தாராசுரம் கோயில்: தெரிந்துகொள்ள வேண்டிய 10 விஷயங்கள்' என்று முதல் பதிவு போட்டேன். 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது, தேர் போன்ற மண்டபம், யுனெஸ்கோ அங்கீகாரம்... எல்லாம் இருந்தது. படித்தது அம்மாவும் மூன்று தோழிகளும். அதுவும் நான் லிங்க் அனுப்பியதால்.

இதே தகவல் நூறு இடங்களில் இருக்கும்போது என் பக்கத்துக்கு ஒருவர் ஏன் வர வேண்டும்? இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே ஆறு மாதம் ஆனது.

பிறகு ஒருநாள் வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். தாராசுரம் கோயிலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் பெரியபுராணத்தில் வரும் நாயன்மார்களின் கதைகள், கருவறையின் வெளிச்சுவரில் அடிப்பகுதியில் சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாக இருக்கின்றன. நின்றபடி பார்த்தால் கண்ணில் படாது. குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். சின்ன வயதில் நாங்கள் அங்கே ஓடிப்பிடித்து விளையாடியதால் அந்த உயரம் எங்களுக்குச் சரியாக இருந்தது. அதை மட்டும் எழுதினேன். பத்து விஷயம் இல்லை, ஒரே விஷயம்.

அந்தப் பதிவுக்குத்தான் முதன்முதலாக, முகம் தெரியாத ஒருவரிடமிருந்து மெயில் வந்தது. "அம்மாவை அழைத்து வருகிறேன். அவரால் குனிய முடியாது. எந்தப் பக்கம் உட்கார்ந்தால் பார்க்கலாம்?" என்று கேட்டிருந்தார். அன்றைக்குத்தான் என் வாசகர் யார் என்று எனக்குத் தெரிந்தது. அதன்பிறகு எதை எழுத உட்கார்ந்தாலும், முட்டிவலியோடு வரும் அந்த அம்மாவை மனதில் வைத்துக்கொள்வேன். அவருக்கு உதவாத வரியை அடித்துவிடுவேன். முதல் டிப்ஸ் இதுதான்: ஊர் உலகத்துக்கு எழுதாதீர்கள், ஒருவருக்கு எழுதுங்கள். நீங்கள் நின்று பார்த்ததை, உட்கார்ந்து பார்த்ததை எழுதுங்கள்.

பெயர் எழுதி வையுங்கள்

அந்தச் சிற்பங்களில் இன்னொரு விசேஷம் உண்டு. கதை யாருடையது என்று மேலேயே கல்லில் பெயர் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இத்தனை நூற்றாண்டு கழித்தும், இது இன்னார் என்று அறிஞர்கள் அடையாளம் சொல்ல முடிகிறது.

நானோ என் பதிவுகளுக்கு 'கல்லிலே கண்ட கவிதை', 'ஒரு மாலை நேரம்' என்று தலைப்பு வைத்துக்கொண்டிருந்தேன். யார் இதைத் தேடி வருவார்கள்? மக்கள் தேடுவது, 'கும்பகோணத்திலிருந்து தாராசுரம் எப்படிப் போவது', 'தாராசுரம் இசைப்படிகள் எங்கே இருக்கின்றன' என்பதைத்தான். ஊர்ப் பெயரும் விஷயமும் தலைப்பிலேயே வரட்டும். படத்தை ஏற்றும்போது கேமரா கொடுத்த எண்ணோடு விட்டுவிடாமல், அது என்ன படம் என்று ஒரு வரி விளக்கம் சேருங்கள். பார்வையற்றவர்களின் போனில் அந்த வரிதான் படித்துக் காட்டப்படும். ஆங்கிலத்தில் நம் ஊர்ப் பெயரை நாலு விதமாக எழுதுகிறார்கள். பதிவுக்குள் ஓரிரண்டை இயல்பாகச் சேர்த்துவிட்டால் நல்லது.

கூகுளின் 'சர்ச் கன்சோல்' இலவசம். என்ன வார்த்தையைத் தேடி உங்கள் பக்கத்துக்கு வந்தார்கள் என்று காட்டும். அடுத்து என்ன எழுதலாம் என்பதற்கு அதைவிட நல்ல ஆலோசகர் கிடையாது.

தினமும் எழுதுவேன் என்று சபதம் போடாதீர்கள்

நான் போட்டேன். ஒன்பதாவது நாள் முடிந்தது சபதம். பிறகு இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை, வெட்கம்.

எங்கள் பக்கத்துக்காரர் ஒருவரைச் சொல்கிறேன். உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, 1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த உ.வே.சாமிநாதையர். ஏடு தேடி அலைந்த கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு. தன் வாழ்க்கைக் கதையான 'என் சரித்திர'த்தை அவர் ஆனந்த விகடனில் தொடராக எழுத ஆரம்பித்தது 1940-ல். 80 வயதைத் தாண்டியிருந்தார். 1942-ல் காலமானபோது கதை முடிந்திருக்கவில்லை. ஆனாலும் வாராவாரம் எழுதி வைத்தது இன்றும் புத்தகமாக நிற்கிறது. மொத்தமாக எழுதி முடித்துவிட்டு வெளியிடலாம் என்று காத்திருந்தால், நமக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்?

இப்போது நான் மாதத்துக்கு இரண்டு பதிவுதான் போடுகிறேன், முதல் சனியும் மூன்றாவது சனியும். எழுத முடியாத மாதத்துக்கென்று எப்போதும் ஒன்றைக் கையிருப்பில் வைத்திருப்பேன். வீட்டில் அரிசி டப்பாவில் அடியில் இரண்டு படி விட்டுவைப்பார்களே, அதுபோல.

அந்த ஞாயிற்றுக்கிழமை

இனி அத்தைக்கு வருகிறேன்.

அத்தை வீட்டில் பட்டுத்தறி. மாமா நெய்வார், அத்தை தார் சுற்றுவார். தாராசுரத்தில் எங்கள் தெருவில் நடந்தால் இன்னமும் சில வீடுகளிலிருந்து தறிச்சத்தம் கேட்கும். முன்பு எல்லா வீட்டிலும் கேட்டது. இதை எழுதினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். கூலி போதாமல் வாங்கிய முன்பணம், அடகு வைத்த நகை, மாமாவின் முதுகுவலி எல்லாவற்றையும் எழுதினேன். எனக்குத் தெரிந்தது எல்லாம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டது. பேட்டி என்று சொல்லிக் கேட்டதில்லை.

பெயர் போடவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் வாசல் கோலத்தோடு நீலக் கதவையும் படம் எடுத்துப் போட்டிருந்தேன். தெருவுக்கே அது யார் வீட்டுக் கதவு என்று தெரியும். பதிவு வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றியது. அத்தை மகளுக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் படித்துவிட்டார்கள்.

போனை வைத்ததும் பதிவை நீக்கினேன். என் பக்கத்திலிருந்துதான் நீக்க முடிந்தது. மற்றவர்களின் போனில் போய் உட்கார்ந்ததை என்ன செய்வது?

அடுத்த வாரமே ஊருக்குப் போனேன். மாமா தறியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அத்தை காபி கொடுத்தார், பேசவில்லை. மன்னிப்புக் கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து, "எழுதுறதுன்னா எங்க கஷ்டம் மட்டும்தான் உன் கண்ணுக்குத் தெரியுமா? முப்பது வருஷமா இந்தக் கையால தார் சுத்தறேனே, அதை எழுத மாட்டியா?" என்றார்.

அந்த வரன் கைகூடவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொன்னார்களாம். என்னை யாரும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தக் காரணத்தை முழுதாக நம்ப முடியவில்லை.

திரும்ப எழுதினேன்

மூன்று மாதம் கழித்து, அத்தை சொன்னதையே எழுதினேன். பாவு, ஊடை, நாடா, பன்னை, விழுது... தறி வீட்டில் புழங்கும் சொற்களுக்கு ஒரு பதிவு. ஒவ்வொரு சொல்லுக்கும் அத்தையின் கை மட்டும் தெரியும்படி ஒரு படம். வெளியிடும் முன்பு அத்தைக்கும் மாமாவுக்கும் வரிவரியாகப் படித்துக் காட்டினேன். 'நூல் சுற்றுகிறார்' என்ற இடத்தில் அத்தை நிறுத்தினார். "நூலா? இது பட்டுடி. சுத்துறது தார். இதுகூடத் தெரியாம பெரிய ரிப்போர்ட்டர்!" சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

நீக்கிய பதிவுக்கு ஒரே நாளில் வந்த கூட்டம் இதற்கு வரவில்லை. ஆனால் அந்தக் கூட்டம் மூன்றாம் நாளே காணாமல் போயிருந்தது. சொற்களைத் தேடி வருகிறவர்கள் இன்றைக்கும் வருகிறார்கள். "என் பாட்டி வீட்டில் கேட்ட சொல்" என்று பின்னூட்டம் போடுகிறார்கள். அதனால் ஒருநாள் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். திரும்பி வருகிறவர்கள் எத்தனை பேர், ஆறு மாதத்துக்கு முந்தைய பதிவை இன்றும் படிக்கிறார்களா என்று பாருங்கள். மற்றவர் வாழ்க்கையை எழுதினால் வெளியிடும் முன்பு அவருக்குப் படித்துக் காட்டுங்கள். 'வேண்டாம்' என்றால் விட்டுவிடுங்கள். பெயரை மறைத்தால் போதாது. கதவும் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள்

தப்பை ஒளிக்காதீர்கள். தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றும் ஒரே ஆண்டில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன என்று எழுதியிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் திருத்தினார். தஞ்சைப் பெரிய கோயில் 1987-லேயே சேர்ந்துவிட்டது, மற்ற இரண்டும் 2004-ல் அதனோடு இணைந்தன. சத்தமில்லாமல் மாற்றாமல், பதிவின் அடியில் தேதி போட்டு, 'திருத்தப்பட்டது' என்று நன்றியோடு எழுதினேன். அவர் இன்றும் என் முதல் வாசகர்.

அம்மாவின் போனில் திறந்து பாருங்கள். நம் லேப்டாப்பில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். பழைய போனில், சிக்னல் விட்டுவிட்டு வரும் கூடத்தில் திறக்கிறதா? படங்களின் அளவைக் குறையுங்கள். பத்திகளைச் சின்னதாக்குங்கள்.

இரவல் வீட்டை நம்பாதீர்கள். மூத்த பதிவர்கள் 'தமிழ்மணம்' திரட்டியைப் பற்றி இன்றும் ஆசையாகப் பேசுவார்கள். வாசகர்கள் அங்கிருந்துதான் வந்தார்களாம். கூகுள் ரீடரை லட்சக்கணக்கானோர் பயன்படுத்தினார்கள். 2013-ல் அதை மூடிவிட்டார்கள். எந்தச் சேவையும் ஒருநாள் நிற்கலாம். பிளாக்கரிலும் வேர்ட்பிரஸ்ஸிலும் எல்லாப் பதிவுகளையும் மொத்தமாக இறக்கிக்கொள்ள வசதி இருக்கிறது. மாதம் ஒருமுறை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஒரு வருடம் விடாமல் எழுதினால், சொந்த முகவரி வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும்.

வருமானமா? கூகுள் ஆட்சென்ஸ் 2018-லேயே தமிழையும் சேர்த்துக்கொண்டது. விளம்பரம் போடலாம். ஆனால் அதை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள். எனக்கு இதுவரை வந்ததை வைத்து கும்பகோணத்தில் நாலு டிகிரி காபி குடிக்கலாம். வேலைக்கான நேர்காணலில் என் டிப்ளோமாவைவிட வலைப்பூவைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். அதை வருமானக் கணக்கில் சேர்க்கலாம் என்றால், நிறையவே சம்பாதித்துவிட்டேன்.

போன மாதம் அத்தை போன் செய்தார். மகளுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகியிருக்கிறது. கூரைப்புடவையை மாமாவே நெய்கிறாராம்.

"அதை எழுதட்டுமா அத்தை?"

கொஞ்ச நேரம் தறிச்சத்தம் மட்டும் கேட்டது.

"கல்யாணம் முடியட்டும். அப்புறம் எழுது. என்கிட்ட படிச்சுக் காட்டிட்டு!"

காத்திருக்கிறேன்.