குனியவிடாத காலர்

எங்கள் கரையில் தையல்காரர் என்று ஒருவர்கூடக் கிடையாது என எழுதி வைத்துவிட்டுப் போனவர் மார்க்கோ போலோ. சீனத்தில் குப்லாய் கானிடம் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, 1292-வாக்கில் அங்கிருந்து கப்பலேறி ஊர் திரும்பும் வழியில் மாபார் கரையைப் பார்த்தவர். எல்லோரும் இடுப்பில் ஒரு துணியோடு திரிகிறார்கள், வெட்டித் தைக்கிறவனுக்கு இங்கே என்ன வேலை என்பது அவர் கணக்கு. காயல் என்று அவர் எழுதிய துறைமுகம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பழையகாயல். நான் இந்தப் பக்கம், தாமிரபரணி கடலில் விழுகிற புன்னக்காயலில், மெஷின் போட்டு முப்பத்திரண்டு வருடம் ஆகிறது.

ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம், புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை கவுன், மாதா கோவில் நாடகத்துக்கு ராஜா உடுப்பு. இவைதான் என் பிழைப்பு. நடுவில் 'சைனீஸ் காலர்' வைத்துச் சுடிதார் நிறையத் தைத்திருக்கிறேன். கழுத்தைச் சுற்றி ஒன்றே கால் இஞ்ச் உயரத்தில் நிற்கிற பட்டி, முன்னால் கொஞ்சம் பிளந்திருக்கும். அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

என் அக்கா மகன் பாளையங்கோட்டையில் விஸ்காம் படிக்கிறான். ஈஸ்டர் லீவுக்கு வந்தவன் லேப்டாப்பைக் கட்டிங் மேசைமேல் வைத்து, "சித்தி, கதையெல்லாம் கேக்காதீங்க. அந்தப் பொம்பள போட்டிருக்க உடுப்ப மட்டும் பாருங்க. இது மாதிரி ஒண்ணு வேணும்" என்றான். அவன் எடுக்கும் குறும்படத்துக்காம். ஜாக்கெட் காஜா கட்டிக்கொண்டே பார்க்க ஆரம்பித்தேன். பத்து நிமிடத்தில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டேன்.

படம் 'இன் த மூட் ஃபார் லவ்'. 2000-ல் வந்தது. வாங் கார்-வாய் எடுத்தது. 1962-ல் ஹாங்காங்கில், ஷாங்காயிலிருந்து வந்தவர்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கும் ஒரு வீடு. அடுத்தடுத்த அறையில் இரண்டு குடும்பம். ஒன்றில் கதாநாயகி, மற்றதில் கதாநாயகன். இவள் கணவனுக்கும் அவன் மனைவிக்கும் தொடுப்பு. அது எப்படி வெளியே வருகிறது என்பதுதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. கடுதாசி சிக்கவில்லை, யாரும் கோள் சொல்லவில்லை. இவள் கையில் இருக்கும் பை மாதிரியே தன் மனைவியிடமும் ஒன்று இருக்கிறது என்கிறான் அவன். நீங்கள் கட்டியிருக்கும் டை மாதிரியே என் கணவரிடமும் ஒன்று இருக்கிறது என்கிறாள் இவள். முடிந்தது. ஒரே துணி இரண்டு வீட்டில் இருந்தால் என்ன அர்த்தம் என்று தையல் கடையில் உட்கார்ந்திருப்பவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அதற்குப் பிறகு இந்த இருவரும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள், சொல்லிக்கொள்வதில்லை. மேகி சியங் என்ற நடிகை, உயரக் காலர் வைத்த அந்தச் சீன உடையை மாற்றி மாற்றி உடுத்திக்கொண்டு படியில் இறங்குகிறாள், ஏறுகிறாள், நூடுல்ஸ் வாங்கத் தூக்குப்பாத்திரத்தோடு போகிறாள். நூடுல்ஸ் வாங்கவா இவ்வளவு அலங்காரம் என்று வீட்டுக்காரர்கள் கேட்கிற ஒரு பேச்சும் வருகிறது. எங்கள் தெருவிலும் கேட்டிருப்பார்கள். ஒரே படிக்கட்டு, ஒரே விளக்கு. உடை மாறியிருந்தால் நாள் மாறிவிட்டது என்று அர்த்தம். படத்தில் இருபதுக்கும் மேல் உடைகள். அவற்றை வடிவமைத்தவர் வில்லியம் சாங், படத்தொகுப்பும் அவரே. துணியை வெட்டியவரும் ஃபிலிமை வெட்டியவரும் ஒரே ஆள் என்று பையன் சொன்னபோது, அதனால்தான் தையல் விட்ட இடமே தெரியவில்லை என்றேன். கான் விழாவில் அந்த வருடம் நாயகன் டோனி லியூங்குக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஒளிப்பதிவாளர் இருவருக்கும் வில்லியம் சாங்குக்கும் சேர்த்துத் தொழில்நுட்ப விருது. என்னைக் கேட்டால் அந்தக் காலருக்குத் தனியாக ஒன்று கொடுத்திருக்க வேண்டும்.

அந்த உடையைச் சீனத்தின் வடக்கே சீபாவ் என்கிறார்கள். ஹாங்காங் பேச்சில் சியோங்சாம். நீளச் சட்டை என்று அர்த்தம், அவ்வளவுதான். 1920-களில் ஷாங்காயில் படித்த பெண்கள் உடுத்த ஆரம்பித்தபோது அது தொளதொளவென்று, ஆண்களின் நீள அங்கி மாதிரி இருந்தது. உடம்போடு ஒட்டியது அடுத்த பத்து வருடத்தில். 1949-க்குப் பிறகு ஷாங்காய்த் தையல்காரர்கள் பலர் ஹாங்காங்குக்குப் பெயர்ந்தார்கள். கூடவே இந்த உடையும் போனது. பழைய வெட்டில் தோளில் தையலே கிடையாது, கையும் உடம்பும் ஒரே துணி. டாட்டும் இல்லை. இஸ்திரிப் பெட்டியாலேயே துணியை இழுத்தும் சுருக்கியும் இடுப்பு வளைவைக் கொண்டுவந்துவிடுவார்களாம். 1950, 60-களில்தான் மேல்நாட்டு வழக்கப்படி டாட்டும் ஜிப்பும் வந்து உட்கார்ந்தன. மேகி சியங் உடுத்தியிருப்பது இந்தப் பிந்திய வகை. ஹாங்காங் சியோங்சாம் தையல்கலையை 2021-ல் சீன அரசு தன் தேசிய மரபுக் கலைப் பட்டியலில் சேர்த்தது.

இனி என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

நம் படங்களில் காதல் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம் என்ன? கதாநாயகி தலையைக் குனிவாள். முந்தானை நுனியைத் திருகுவாள். கால் விரலால் தரையில் கோடு போடுவாள். சேலை இதற்கெல்லாம் இடம் கொடுக்கும். மறைக்க, இழுத்துவிட, வாயைப் பொத்த, கண்ணைத் துடைக்க ஐந்தரை மீட்டர் இருக்கிறது. அந்தச் சீன உடையில் முந்தானை இல்லை. கைக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. அதனால்தான் ஒரு பையோ தூக்குப்பாத்திரமோ எப்போதும் கையில் இருக்கிறது. காலர் வேறு. சாதாரணமாக ஒன்றரை, ஒன்றே முக்கால் இஞ்ச் இருக்க வேண்டியது, இந்தப் படத்தில் என் கண் கணக்குக்கு இரண்டரைக்குக் குறையாது. நாடிக்குக் கீழே முட்டுக்கொடுத்த மாதிரி நிற்கிறது. அவளால் குனிய முடியாது. வெட்கம் வந்தாலும் அழுகை வந்தாலும் தலை நிமிர்ந்தேதான் இருக்க வேண்டும். அதனால் முகத்தைத் திருப்புகிறாள், அதுவும் முடியாதபோது முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறாள். கேமரா அவள் முதுகையே ஏன் இத்தனை தரம் பார்க்கிறது என்று பையனின் வகுப்பில் பெரிய பேச்சாம். வேறு எங்கே பார்க்கும்? குனிய வழியில்லாத ஒருத்தியின் மனசு பின்கழுத்தில்தான் இருக்கும்.

ஹாங்காங்கில் நடக்கும் காதல் கதைகள் ஹாலிவுட்டில் அதற்கு முன்பே வந்தவை. 1955-ல் வந்த 'லவ் இஸ் எ மெனி-ஸ்ப்ளெண்டர்ட் திங்'கில் ஜெனிஃபர் ஜோன்ஸ் சியோங்சாம் உடுத்தினார். உடை வடிவமைப்புக்கு ஆஸ்கர் கிடைத்தது. 1960-ல் 'தி வேர்ல்ட் ஆஃப் சூஸி வாங்'கில் நான்சி குவான். இரண்டு படத்திலும் நாயகன் வில்லியம் ஹோல்டன்தான்! சூஸி வாங்கில் எல்லாக் கண்ணும் பக்கவாட்டுப் பிளவில் இருக்கிறது, தொடை தெரிகிறதா என்று. இந்திப் படம் அதைவிட முந்திக்கொண்டது. 1958-ல் 'ஹௌரா பிரிட்ஜ்' படத்தில் ஹெலன் சீனத்துப் பெண் வேடத்தில் ஆடிய ஆட்டத்தை இன்றைக்கும் டிவியில் போடுகிறார்கள். அதெல்லாம் வேடம். ஒரு பாட்டுக்கு உடுத்தி அவிழ்ப்பது. மேகி சியங்கின் பிளவு முட்டியை ஒட்டியே நின்றுவிடுகிறது. ஆபீசுக்கும் கடைக்கும் அதையே உடுத்துகிறாள். உடுத்திப் பழகிய துணி உடம்பில் கிடக்கிற விதமே வேறு. தைக்கிறவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

தைக்க உட்கார்ந்தேன். அங்கேதான் என் முப்பத்திரண்டு வருட அனுபவம் என்னைக் கவிழ்த்தது.

தூத்துக்குடியில் பூப்போட்ட ஆர்ட் சில்க் எடுத்து வந்தான். நடிக்கிற பிள்ளையையும் கூட்டி வந்தான். எனக்குக் கை பழகியது ஜாக்கெட் கழுத்து. முன்னால் ஏழு, பின்னால் எட்டு என்று கத்தரி தானாக இறங்கும். இதற்குக் கழுத்தை அகலமாக வெட்டவே கூடாது. பின்கழுத்தில் கால் இஞ்சுக்கு மேல் இறக்கக் கூடாது. அது தெரிந்திருந்தும் அரை இஞ்ச் கூடுதலாக எடுத்துவிட்டேன். காலரை வைத்துத் தைத்துப் போட்டுப் பார்த்தால், கழுத்தை விட்டுத் தள்ளி, கிணற்றுக்குக் கட்டிய சுவர் மாதிரி சுற்றி நிற்கிறது. பிள்ளை தலையைக் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தாள். குனிய முடிந்ததே, அதுதான் தோல்வி. இரண்டாவது தடவை கோபத்தில் இறுக்கிவிட்டேன். அவள் ஒரு மடக்கு தண்ணீர் குடித்தாள். விழுங்கும்போது ஹூக் தெறித்தது.

கணக்கு சின்னதுதான். கழுத்துச் சுற்றளவோடு ஒரு விரல் நுழைகிற இடம். அந்த ஒரு விரல் யாருடைய விரல் என்பதில் இருக்கிறது விஷயம். நான் என் கட்டைவிரலை வைத்தேன். அவளுடைய சுண்டுவிரல் போதுமாயிருந்தது. உட்கார்ந்து ஒருமுறை, நின்று ஒருமுறை, படியேறச் சொல்லி ஒருமுறை என்று அளந்தேன். மொத்தம் இருபத்துநாலு அளவு எழுதியிருக்கிறேன். என் ஜாக்கெட் நோட்டில் ஒரு ஆளுக்குப் பத்தைத் தாண்டாது.

காலர் நிற்பதற்கு நான் பக்ரம் வைத்தேன். சீனத் தையல்காரர்கள் பசை தடவித் துணியை விறைக்க வைப்பார்கள் என்று கேட்டு, சோறு வடித்த கஞ்சியை இழுத்து இஸ்திரி போட்டும் பார்த்தேன். காலையில் தகடு மாதிரி நின்றது. மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று ஏறியதும் வாடிய வாழையிலை. உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற ஊரில் கஞ்சி நிற்காது. பக்ரமே கதி என்று விட்டுவிட்டேன்.

பிறகு பொத்தான். பொத்தான் என்பதே போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சொல். காஜாவும் அவர்கள் மொழியில் வீடு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். போர்ச்சுகீசியப் பாதிரியார் அன்றீக் அடிகளார் இருந்து தமிழ் எழுதிய ஊர் இது. போர்ச்சுகீசியம் இங்கே புதிதில்லை. ஆனால் இந்த உடையில் பொத்தானுக்கு வீடே கிடையாது. கிராஸ் பட்டியை உருட்டித் தைத்துக் கயிறாக்கி, ஒரு பக்கம் உருண்டை முடிச்சு, மறு பக்கம் வளையம். முடிச்சை வளையத்துக்குள் நுழைத்தால் தீர்ந்தது. அந்த முடிச்சு மூன்று நாளாக எனக்கு வரவில்லை. ஒன்று கோணியது, ஒன்று அவிழ்ந்தது.

திண்ணையில் இருந்த பெரியப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். தூத்துக்குடித் தோணியில் தண்டலாகக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தவர். கை நடுங்கும், கண் சரியில்லை. "ஏட்டி, கொண்டா அதை. கத்தியக் கயித்துல கோத்துக் கழுத்துல தொங்கவிடப் போடுற முடிச்சுல்லா இது" என்று வாங்கி, விரலில் இரண்டு சுற்று சுற்றி, நடுவே ஒரு நுனியைக் கோத்து இழுத்தார். பட்டாணி அளவில் உருண்டையாக வந்து உட்கார்ந்தது. இந்த முடிச்சு சீனக் கப்பலிலிருந்து வந்ததா, எல்லாக் கடலிலும் தானாக விளைந்ததா என்று நான் ஆராயப் போவதில்லை. பழையகாயல் மண்ணில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா அவற்றைத் தேடி எடுத்து எழுதியிருக்கிறார். சீனத்து மிங் அரசர் கால ஏடுகளிலும் காயலின் பெயர் இருக்கிறது. பெரியப்பா ஒன்பது முடிச்சு போட்டுக் கொடுத்தார். பத்தாவதை நான் போட்டேன்.

மூன்றாவது உடை சரியாக வந்தது. அந்தப் பிள்ளை போட்டுக்கொண்டு என் வீட்டு வாசல்படி இறங்கினாள். காலையில் வந்தபோது துள்ளித் திரிந்தவள். இப்போது அடி சின்னதாகிவிட்டது, முதுகு நிமிர்ந்துவிட்டது, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. பையன் கேமராவை எடுக்க உள்ளே ஓடினான்.

குறும்படம் எடிட்டிங்கில் இருக்கிறது. என் கூலி என்று எண்ணூறு ரூபாய் கொடுத்தான். பெரியப்பாவுக்கு ஆத்தூர் வெற்றிலை ஒரு கவுளி. போன வாரம் மேலத்தெருப் பிள்ளை ஒருத்தி சுடிதாருக்குச் சைனீஸ் காலர் வைக்கக் கேட்டு வந்தாள். டேப்பைக் கழுத்தில் போடுமுன், "தலையைக் குனி பார்ப்போம்" என்றேன். எதற்கு என்று கேட்டாள். ஒன்றே கால் இஞ்ச் போதும் என்று எழுதிக்கொண்டேன்.