டைனமோவில் கேட்ட பாட்டு

1990 ஆனியில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. பிறகு பல வருஷம் வரவேயில்லை. பொருளாதாரத் தடையில் பற்றறியும் அகப்பட்டுக்கொண்டது. இருந்தும், புதுப் பாட்டுகளை ஆசை ஆசையாகக் கேட்ட காலம் எது என்று கேட்டால் அந்த வருஷங்களைத்தான் சொல்லுவேன்.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில் ஊன்ற நிறுத்துவோம். டைனமோவைச் சில்லோடு அணைத்துவிட்டு ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோ தருவது 6 வோல்ற். நாலு பற்றறி போடும் றேடியோவுக்கும் வேண்டியது அதே 6 வோல்ற்தான். வருவது ஆடலோட்டம் என்பதால் இடையில் டயோட் வைத்து நேரோட்டமாக்க வேண்டும். ஏ.எல். படித்த அண்ணைமார் அதைச் செய்து தருவார்கள்.

றேடியோ என்றால் சுற்றுகிறவர் கொஞ்சம் களைத்தாலும் சமாளிக்கலாம். கசெற் அப்படியில்லை. கை தளர்ந்தால் மோட்டர் மந்தமாகி, பாடுகிறவரின் குரல் இழுபட்டுத் தடிக்கும். "ஒரே சீராச் சுத்தடா தம்பி, சரணம் வருகுது" என்று யாராவது சத்தம் போடுவார்கள். இடையிசை எங்கே முடியும், பல்லவி எப்போது திரும்பும் என்று சுற்றுகிறவரின் கைக்கே தெரிந்திருக்கும். ஒரு பாட்டை அதைவிட எப்படிக் கேட்பது?

ரோஜா வந்தது 1992இல். ஏ.ஆர். ரகுமான் என்ற பெயரே எங்களுக்குப் புதிது. ஊருலகம் ஸ்ரீரியோவில் கேட்டு வியந்த அந்த இசையை உள்ளங்கையளவு ஸ்பீக்கர் ஒன்றில் கேட்டோம். அடித்தாளம் பாதி விழவேயில்லை. ஆனாலும் இது வேறு மாதிரியான இசை என்று எங்களுக்கு விளங்கியது. அதற்கு முன்பும் பாட்டுக் கேட்கும் பெட்டியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதில்லை. இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் படத்தின் பெயர், எழுதியவர், இசையமைத்தவர் என்று சொல்லச் சொல்ல, அந்தப் பெயர்களைத்தான் மனதில் பதித்து வளர்ந்தோம்.

இப்போது ஊரில் கரண்டுக்குக் குறைவில்லை. சவுண்ட்பார், சப்வூபர், ஹோம் தியேட்டர் என்று வீட்டுக்கு வீடு மாறிக்கொண்டிருக்கிறது. கனடாவிலிருந்து வருகிறவர்கள் ஒன்று கொண்டுவர, முந்தினது அறைக்குள் போகிறது. புதுப் பெட்டி வந்ததும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுவார்கள். போடுவது எப்போதும் அதே பழைய பாட்டு. தெரிந்த பாட்டில்தானே பழைய பெட்டிக்கும் புதியதற்கும் வித்தியாசம் பிடிபடும்! பெட்டிகளை ஒப்பிடத் தொடங்கிய வீட்டில் புதுப் பாட்டுக்கு முறை வருவதேயில்லை.

நல்ல ஒலி வேண்டாம் என்று சொல்லவில்லை. 1975இல் மறைந்த நம் தவில் மேதை தட்சணாமூர்த்தியின் பழைய ஒலிப்பதிவை நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள். தொப்பியில் விழும் கழியும் வலந்தலையில் ஓடும் விரல்களும் தனித்தனியாகத் தெரியும். அதற்காக ஒரு பெட்டி வாங்குவது நியாயம். வருஷத்துக்கு வருஷம் மாற்றுவதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

செல்லடியும் பங்கரும் 1995 இடப்பெயர்வும் யாருக்கும் திரும்ப வேண்டாம். நான் ஏங்குவது, முற்றத்தில் ஏழெட்டுப் பேர் குந்தியிருந்து, முடியும்வரை ஒருவரும் எழும்பாமல், நேற்றுவரை தெரியாதிருந்த ஒரு பாட்டைக் கேட்ட அந்தக் கேட்டலுக்காக. முடிந்ததும் "திருப்பிப் போடு" என்பார்கள். சுற்றுகிறவர் கை மாற்றிக்கொள்வார்.

அன்று தமிழகத்திலிருந்து கடல் கடந்து வரும் பாட்டுக்காகக் காத்திருந்தோம். இன்று பூவன் மதீசன், வாகீசன் என்று நம் பிள்ளைகளே இங்கிருந்து நம்முடைய பேச்சிலேயே பாட்டுக் கட்டுகிறார்கள். அடுத்த ஸ்பீக்கருக்குக் காசு சேர்க்கிறவர்கள் இந்தக் கிழமை இருக்கிற பெட்டியிலேயே அவர்களுடைய புதுப் பாட்டொன்றைப் போட்டு, வீட்டில் உள்ளவர்களையும் பக்கத்தில் இருத்தி, கடைசிவரை கேளுங்கள். பிடித்தால் திருப்பிப் போடுங்கள்.