இறுதிப் பெயர்

தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது அங்கிருந்த தமிழ்ப்பள்ளியும் மூடப்பட்டது. அதன் தலைமையாசிரியராய் இருந்த பாட்டனார், அவ்விறுதியாண்டில் பயின்ற 86 மாணாக்கரின் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். கல்லூரி மாணவனான பெயரன் அவற்றைக் கணினியில் ஏற்றினான். கோப்பினைப் படித்து, வரிசையெண் இட்டு, வேறொரு கோப்பில் எழுதும் நிரலையும் தானே இயற்றினான்.

அவன் கையாண்டது சி மொழி. டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய அம்மொழி, தன்னை எழுதுவோனை நம்பும் மொழி. அளவு கடந்து நம்பும் என்பதே பொருந்தும்.

பட்டியலைப் பார்த்த பாட்டனார் புருவத்தை நெரித்தார். எண் 87இல் முடிந்திருந்தது; இறுதிப் பெயர் இருமுறை வந்திருந்தது.

“இவன் ஒருவன்தானே, தம்பி! நம் பள்ளியில் இரட்டையர் எவரும் இல்லையே!”

குறிப்பேட்டிலோ கோப்பிலோ பிழை இல்லை. ‘கோப்பு முடியாத வரை படி’ என்று எழுதியதில்தான் பிழை இருந்தது. கோப்பு முடிந்ததா எனக் கேட்கும் ‘எஃப்இஓஎஃப்’ என்னும் செயற்கூறு வருவதுரைப்பதன்று; படிக்க முயன்று, ஒன்றும் கிட்டாது போன பின்னரே ‘ஆம்’ என்னும். 86ஆம் பெயரைப் படித்து முடித்த கணத்தில் அது ‘இல்லை’ என்றே விடை தந்தது. நிரல் மீண்டும் படிக்க முயன்று தோற்றது. நினைவகத்தில் தங்கியிருந்த பழைய பெயரையே மறுபடி எழுதிற்று. படிக்கும் செயலின் விடையையே நிபந்தனையாக்கியதும் அக்குறை நீங்கிற்று.

ஆயின், வெற்றி மயக்கம் பொல்லாதது. பிழையுள்ள பிரதி எதற்கென்று அதனை அழித்தான். எழுதும் கோப்பின் பெயரை மீண்டும் இடுகையில், கவனக்குறைவால் மூலக்கோப்பின் பெயரையே இட்டுவிட்டான். ‘டபிள்யூ’ முறையில் திறக்கப்படும் கோப்பு, ஓரெழுத்தும் எழுதப்படுமுன்னரே வெறுமையாகிவிடும். எச்சரிக்கை ஏதுமின்றி நிரல் ஓடி நின்றது. எஞ்சிய பெயர் ஒன்றுமில்லை.

நெடுநேரம் அவன் வாய் திறக்கவில்லை. பின்னர் நடந்ததைக் கூறினான். பாட்டனார் சினக்கவில்லை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு குறிப்பேட்டை விரித்தார். முதற்பெயரை வாசித்தார், அப்பிள்ளை மழைநாள்களில் செருப்பைக் கையிலேந்தி வந்ததையும் சொன்னார். பெயரன் தட்டச்சிட்டான். இரண்டாம் பெயருக்கும் ஒரு கதை இருந்தது. முன்னர் அவன் தனியே பார்த்துப் பதிந்தபோது, அவை வெறும் எழுத்துகளாகவே இருந்தன.

அன்றிரவு 19 பெயர்களே முடிந்தன. உறங்கச் செல்லுமுன் அவன் கோப்பிற்கு இரு பிரதிகள் எடுத்து வைத்தான்.