ஆண்டுக்கு மூன்று லட்சம்: வாரத்துக்கு எவ்வளவு?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – புள்ளியியல்)

எண்ணும் எழுத்தும் மனிதனுக்குக் கண்கள் என்று சொல்லிச் சென்றார் வள்ளுவர். ஆயினும் நம்மில் பலருக்கு எழுத்துக் கண் திறந்த அளவுக்கு எண் கண் திறக்கவில்லை. நாளிதழில் ஒரு செய்தி தப்பாக வந்துவிட்டால் தேநீர்க் கடையில் பத்துப் பேர் கூடி வாதிடுகிறோம். அதே நாளிதழில் ஓர் எண் வந்தால் மறுபேச்சில்லாமல் நம்பிவிடுகிறோம். அல்லது "நமக்கெதுக்கு இந்தக் கணக்கெல்லாம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். நம்புகிறவரும் சரி, புரட்டுகிறவரும் சரி, அந்த எண்ணை ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

நான் இங்கே எடுத்துக்கொண்ட பொருள் பட்டதாரிகளின் சம்பளம் பற்றிய புள்ளிவிவரங்கள். இவை மூன்று வழிகளில் நம்மை வந்தடைகின்றன. ஒன்று, கல்லூரிகள் வெளியிடும் விளம்பரங்கள். இரண்டு, 2016 முதல் வெளிவரும் தேசிய நிறுவனத் தரவரிசைக்காகக் கல்லூரிகள் மத்தியக் கல்வி அமைச்சகத்துக்குக் கொடுக்கும் தகவல்கள். மூன்று, தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. மூன்றிலும் எண்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மகனையோ மகளையோ கல்லூரிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் ஒரு தகப்பனாருக்கு அவை விளங்குகின்றனவா? விளங்கவில்லை என்பதே நான் கண்டது. குறை அவரிடத்தில் இல்லை. எண்ணைச் சொல்லும் விதத்தில் இருக்கிறது.

இதை நான் வீட்டில்தான் உணர்ந்தேன். எங்கள் ஊர் பல்லடம் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தங்கை பிளஸ் டூ முடிக்கும் தறுவாயில் மாமா ஒரு கல்லூரியின் விளம்பரத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். "எங்கள் மாணவர்களின் சராசரிச் சம்பளம் ஆண்டுக்கு 3 லட்சம்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அங்கே சேர்த்தால் நகையை அடகு வைக்க வேண்டும். எங்குமே சேர்க்காவிட்டால் அவள் அம்மாவோடு கம்பெனி வேனில் ஏற வேண்டியதுதான்.

அப்பா தாளை என்னிடம் நீட்டினார். "ஏங்கண்ணு, மூணு லட்சம்னா வாரத்துக்கு எவ்வளவு வருது? கைக்கு வர்றதா, கணக்குல காட்டறதா? அத்தனை பேருத்துக்குமா குடுக்கறாங்க?" என்று கேட்டார்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் கேட்ட கேள்விகள் இவை. வகுப்பில் எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் எழுதிக் கேட்கும் கேள்விகளும் இவையேதாம்! அலகு என்ன? வரையறை என்ன? தொகுதி எது? அவர் ஆங்கிலச் சொற்களில் கேட்பார்; அப்பா சனிக்கிழமைச் சம்பளக்காரரின் மொழியில் கேட்டார். வேறுபாடு அவ்வளவே. அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

யாருடைய சம்பளம்?

தரவரிசைக்காகக் கல்லூரிகள் நிரப்பும் படிவத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் வேலையில் அமர்ந்தார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குச் சென்றார்கள் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. சம்பளத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. தொகையை எண்ணாலும் எழுத்தாலும் குறிக்க வேண்டும். ஆனால் அந்தச் சம்பளம் வேலையில் அமர்ந்தவர்களுடையது மட்டுமே.

ஒரு கற்பனை வகுப்பை எடுத்துக்கொள்வோம். 60 பேர் சேர்ந்தார்கள். 50 பேர் காலத்தில் முடித்தார்கள். 20 பேர் மேற்படிப்புக்குப் போனார்கள். 15 பேருக்கு வேலை கிடைத்தது. மீதமுள்ள 15 பேர்? ஒருவன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். ஒருவன் அப்பாவின் தறிக்கே திரும்பிவிட்டான். ஒருத்திக்குத் திருமணமாகிவிட்டது. விளம்பரத் தாளில் மின்னும் சம்பளம் அந்த 60 பேரில் 15 பேருடையது. அதாவது நால்வரில் ஒருவருடையது. மற்ற மூவரைப் பற்றி அந்த எண் வாய் திறப்பதில்லை.

இது இன்றைய நோயன்று. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1924 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றவர்களின் சராசரி ஆண்டு வருமானம் 25,111 டாலர் என்று ஒரு காலத்தில் செய்தி வெளிவந்தது. டாரல் ஹஃப் என்பவர் 1954 இல் எழுதிய புள்ளிவிவரப் பொய்கள் பற்றிய நூலில் இதைத்தான் முதலில் எடுத்து உடைத்தார். இத்தனை ஆண்டுகளுக்குப் பின் யாருடைய முகவரி கிடைத்திருக்கும்? கிடைத்தவர்களிலும் யார் தம் வருமானத்தை எழுதி அனுப்பியிருப்பார்? நன்றாக வாழ்கிறவர் எழுதுவார். நொடித்துப்போனவர் மௌனமாக இருப்பார். மௌனமானவர்களைக் கழித்துவிட்டால் எந்த வகுப்பும் செல்வந்தர் வகுப்பாகிவிடும்.

சராசரியா, இடைநிலையா?

பத்துப் பேருக்கு வேலை கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். ஆறு பேருக்கு ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். மூன்று பேருக்கு 2,40,000 ரூபாய். ஒருவருக்கு மட்டும் 12 லட்சம். எல்லாவற்றையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் சரியாக 3 லட்சம் வருகிறது. கணக்கில் பிழையே இல்லை. ஆனால் 3 லட்சம் வாங்குகிறவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லையே! வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால் 1,80,000 என்பார். அதுவே இடைநிலை. தரவரிசைப் படிவம் சராசரியைக் கேட்காமல் இடைநிலையைக் கேட்பது இதனால்தான்.

ஜான் பென் என்ற டச்சுப் பொருளியல் அறிஞர் 1971 இல் இதற்கு ஓர் அழகிய உருவகம் தந்தார். நாட்டு மக்கள் அனைவரும் ஒரு மணி நேரத்தில் நம் முன்னே அணிவகுத்துச் செல்கிறார்கள். அவரவர் வருமானத்துக்கு ஏற்ற உயரம். நெடுநேரம் குள்ளர்களே வந்துகொண்டிருக்கிறார்கள். அரை மணி கடந்த பிறகும் சராசரி உயரமுள்ள ஆள் வந்தபாடில்லை. கடைசி நிமிடங்களில் மேகத்தைத் தொடும் பூதங்கள் வந்துவிடுகின்றன. பாமரருக்கும் விளங்கும்படி ஓர் எண்ணைச் சொல்வது எப்படி என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

கைக்கு எவ்வளவு?

எங்கள் வீட்டில் பணம் வாரக் கணக்கில் நடக்கிறது. திருப்பூரில் ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட் என்று எண்ணிச் சனிக்கிழமை கூலி வாங்குகிறார்கள். மளிகைக் கடன், சீட்டுப் பணம் எல்லாம் வாரக் கணக்கே. ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்பது எங்களுக்கு வேற்று மொழி. மொழிபெயர்த்துப் பார்த்தேன்.

ஆண்டுக்கு 3 லட்சம் என்றால் மாதம் 25,000. ஆனால் அது நிறுவனம் ஒரு ஊழியருக்காகச் செய்யும் மொத்தச் செலவு, சி.டி.சி. என்பார்கள். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, 12,500 என்று கொள்வோம். அதற்கு 12 விழுக்காடு, 1,500 ரூபாய், நிறுவனத்தின் வருங்கால வைப்பு நிதிப் பங்கு. பணிக்கொடைக்காக 4.81 விழுக்காடு, ஏறத்தாழ 600 ரூபாய். நிரந்தர ஊழியர் ஐந்தாண்டு பணி செய்தால்தான் பணிக்கொடை கைக்கு வரும். நம் பங்கு வைப்பு நிதிக்கு இன்னொரு 1,500 பிடித்தம். ஆக, கைக்கு வருவது 21,400 ரூபாய் போல. வாரத்துக்கு 4,900 சொச்சம். வேலை சென்னையிலோ பெங்களூரிலோ என்றால் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 9,000 என்று கழித்துப் பாருங்கள்; மிஞ்சுவது வாரத்துக்கு 2,860.

இப்போது அப்பாவுக்கு விளங்கியது. 2024 ஆகஸ்டு 9 அன்று கோவையில் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கப்பட்டபோது "மாதம் ஆயிரம் ரூபாய்" என்ற செய்தி எங்கள் ஊர்ப் பாட்டிமார்க்குக்கூட ஒரே நாளில் விளங்கிவிட்டது. யாருக்கு, எவ்வளவு, எப்போது என்ற மூன்றும் அதில் இருந்தன. சம்பள அறிக்கையை மட்டும் ஏன் அப்படிச் சொல்லக்கூடாது?

கணக்கில் வராதவர்கள்

அரசின் கணக்கெடுப்பு கல்லூரியைக் கேட்பதில்லை. வீடு வீடாகச் செல்கிறது. ஆகவே தறிக்குத் திரும்பியவனும் அதில் அகப்படுவான். ஆனால் அங்கும் ஒரு நுட்பம் உண்டு. 2022-23 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்ட பட்டதாரிகளிடையே வேலையின்மை 13.4 விழுக்காடு. பட்டதாரிகள் நூற்றுக்குப் பதின்மூவருக்கு வேலை இல்லை என்று இதைப் படித்தால் அது பிழை. வேலை செய்கிறவர், வேலை தேடுகிறவர் ஆகிய இரு சாராரையும் சேர்த்த தொகையில்தான் இந்த விழுக்காடு. பட்டம் பெற்று, தேடிப் பார்த்து, அலுத்துப்போய் வீட்டோடு இருந்துவிட்ட பெண் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அவள் தேடுவதை நிறுத்தினால் வேலையின்மை விழுக்காடு குறைகிறது! ஒரு தங்கைக்காகக் கணக்குப் போடுகிறவன் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கத்தான் வேண்டும்.

அப்படியானால் படிக்க வேண்டாமா?

"வாரத்துக்கு 2,860 தானா? எனக்கு இதுக்கு மேலயே வருதே சாமி" என்றார் அம்மா. உண்மைதான். முதலாண்டுச் சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கம்பெனி வேன் வென்றுவிடும். ஆனால் முதலாண்டு என்பது ஒரு புள்ளி. வாழ்க்கை ஒரு கோடு. அம்மாவுக்கு இப்போதே மாலையானால் கண் எரிகிறது. ஆர்டர் இல்லாத வாரத்தில் கூலி இல்லை. பிரசவத்துக்கோ காய்ச்சலுக்கோ விடுப்பெடுத்தால் அன்றைய கூலி போயிற்று. பத்தாவது ஆண்டில் பட்டதாரியின் சம்பளம் என்ன, செக்கிங் பார்க்கிறவரின் கூலி என்ன என்று ஒப்பிட்டால்தான் நியாயமான தீர்ப்புக் கிடைக்கும்.

அமெரிக்க அரசு 2015 இல் புதுப்பித்து வெளியிட்ட கல்லூரி மதிப்பட்டை, அரசின் நிதியுதவி பெற்ற மாணவர்கள் கல்லூரியில் சேர்ந்து பத்தாண்டுகள் கழிந்தபின் எவ்வளவு ஈட்டுகிறார்கள் என்பதை வரிப் பதிவேடுகளிலிருந்து எடுத்துக் காட்டியது. கல்லூரி சொல்வதை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. நம் விளம்பரத் தாள்களோ வேலைக்கான உத்தரவு கைக்கு வந்த அன்றோடு கதையை முடித்துவிடுகின்றன.

தாளில் இருந்த தொலைபேசி எண்ணுக்கு நான் பேசினேன். எத்தனை பேரின் சராசரி என்று கேட்டேன். "அந்த விவரமெல்லாம் தனியாகக் கொடுப்பதில்லை" என்று பதில் வந்தது. அப்பா தாளை மடித்து வைத்தார். நகையைத் தொடவில்லை, வேனும் வேண்டாம் என்றார். தங்கை அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். விடை தெரியாத ஓர் எண்ணுக்காகக் கடன் படுவதில்லை என்ற அவர் முடிவைப் புள்ளியியல் மாணவன் என்ற முறையில் நான் மதிக்கிறேன்.

நாம் செய்யக்கூடியது

குறை சொல்வது எளிது. நண்பர்களே, பேராசிரியப் பெருமக்களே, நம் கல்லூரியிலேயே இதைத் திருத்தமாகச் செய்து காட்ட முடியும் என்று நம்புகிறேன். ஒவ்வொரு துறையும் ஆண்டுக்கு ஒரு முறை அறிவிப்புப் பலகையில் ஒரே ஒரு தாள் ஒட்டினால் போதும். சேர்ந்தவர் எத்தனை பேர், முடித்தவர் எத்தனை பேர், வேலையில் இருப்பவர், மேலே படிப்பவர், வீட்டில் இருப்பவர் எத்தனை பேர் என்று ஆண், பெண் தனித்தனியே அதில் இருக்கட்டும். சம்பளத்தை நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்று சொல்லட்டும். கைக்கு வரும் தொகையாக, மாதத்துக்கும் வாரத்துக்கும் சொல்லட்டும். மூன்றாண்டு கழித்து அதே மாணவர்களிடம் மறுபடி கேட்டு எழுதட்டும். பெயர் வேண்டியதில்லை. தமிழில் இருக்க வேண்டும். மாணவரைச் சேர்க்க வரும் தாய் தகப்பன் நின்று படிக்கும் உயரத்தில் இருக்க வேண்டும்.

அந்தத் தாளில் வரும் எண்கள் சில துறைகளில் சிறியனவாக இருக்கலாம். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. உண்மையான சிறிய எண்ணைக் கொண்டு ஒரு குடும்பம் திட்டமிட்டுக்கொள்ளும். விளங்காத பெரிய எண்ணைக் கொண்டு கடன்தான் வாங்கும். விடுமுறையில் வீடு திரும்பும் முன் நம் துறையில் சென்ற ஆண்டு முடித்த மாணவர்களின் பட்டியலை எடுப்போம். ஒவ்வொருவரும் ஐந்து பேரைக் கண்டுபிடித்து விசாரித்து வந்தால் முதல் தாள் தயாராகிவிடும். என் பங்குக்கு ஐந்து பேரை நான் ஏற்றுக்கொள்கிறேன்.